மேனிபோல்ட் சிவக்கிறதா? டீசல் ஜீப்பில் மலையேறத் தொடங்குபவர்களுக்கு

மேடேறி நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தால் எக்ஸாஸ்ட் மேனிபோல்ட் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்) மங்கலாகச் சிவந்து கிடக்கும். புதிதாக ஜீப் வாங்கியவர்கள் இதைக் கண்டதும் ஹீட் ராப் (சூடு தாங்கும் துணிப் பட்டை) வாங்கிச் சுற்றுகிறார்கள், இல்லையென்றால் மேனிபோல்டையே மாற்றிவிடுகிறார்கள். சில மாதங்களில் புதியதும் விரிசல் விடுகிறது. எஞ்சின் தள்ளும் சூட்டை மேனிபோல்ட் தாங்குகிறது, அவ்வளவுதான். சூடு பிறக்கும் இடம் வேறு. காற்று உள்ளே வரும் வழி, டீசலின் அளவு, புகை வெளியேறும் வழி ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே மேனிபோல்டில் ஸ்பானர் வைக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் வரிசையும் அதுதான்.

மஹிந்திரா கமாண்டர், மேஜர், 2010-இல் வந்த முதல் தலைமுறை தார் போன்ற டீசல் வண்டிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். 2020-க்குப் பின் வந்த தார் டீசலுக்கும் அடிப்படை இதேதான், டி.பி.எஃப். (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விஷயம் மட்டும் கூடுதல். பெட்ரோல் வண்டிக்குக் கணக்கு மாறும், அதைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

எவ்வளவு சூடு சரி

டீசல் எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது மேனிபோல்டின் மேற்பரப்பு 100 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சமதளத்தில் சீராக ஓட்டினால் உள்ளே போகும் புகையின் வெப்பம் 300 முதல் 450 டிகிரி. செங்குத்தான ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டரில் 600-ஐத் தாண்டுவது இயல்பு. டர்போவுக்கு (புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) முன்னால் அளந்து 700 டிகிரியைச் சில வினாடிகள் தொட்டு இறங்கினால் பயமில்லை. அங்கேயே நிமிடக் கணக்கில் நின்றால் டர்போ, எக்ஸாஸ்ட் வால்வு, பிஸ்டன் தலை எல்லாமே ஆபத்தில் இருக்கின்றன என்று பொருள். பிஸ்டன் அலுமினியக் கலவை. 300 டிகிரிக்கு மேல் அதன் வலு வேகமாகக் குறையும். பிஸ்டனைக் காப்பாற்றுவது அடியிலிருந்து பீய்ச்சும் ஆயிலும் சுற்றிலும் ஓடும் கூலன்ட்டும்தான்.

இரும்பு 500 முதல் 550 டிகிரியில் கும்மிருட்டில் சிவப்பாகத் தெரியத் தொடங்கும். பகல் வெளிச்சத்தில் தெரிய வேண்டுமென்றால் 650-ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஆகவே இரவில் ஏற்றம் ஏறி முடித்ததும் லேசான சிவப்பு தெரிந்தால் பதற வேண்டாம். பட்டப்பகலில் தெரிந்தால், அல்லது சமதளத்தில் ஓட்டி வந்தும் தெரிந்தால், அன்றைய பயணத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

கண்ணும் காதும் மூக்கும் சொல்வது

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக் டிக்’ என்று ஆக்சிலரேட்டரோடு வேகமெடுக்கும் சத்தம் கேட்டு, பத்து நிமிடத்தில் குறைந்துவிட்டால் அது மேனிபோல்ட் கசிவு. இரும்பு சூடேறி விரியும்போது இடைவெளி அடைபடுவதால் சத்தம் ஒடுங்குகிறது. டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் பெரும்பாலும் இப்படி ஒடுங்காது. நிறையப் பேர் இதைக் குழப்பிக்கொண்டு வால்வு கவரைக் கழற்றிவிடுகிறார்கள்.

கேஸ்கட் (மேனிபோல்டுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) ஓரத்தில், ஹெட்டின் மேல், கரும்புகைக் கோடு விசிறி போலப் படிந்திருந்தால் கசிவு அங்கேதான். மேனிபோல்டுக்கு அருகிலுள்ள ஒயரின் மேலுறை மொறுமொறுப்பாகி உடைவது, ரப்பர் ஹோஸ் பளபளப்பு இழந்து கெட்டியாவது, பானெட்டில் ஒரே இடத்தில் பெயின்ட் பழுப்பது எல்லாம் பல நாளாகச் சூடு மிஞ்சியிருப்பதன் அடையாளங்கள். வண்டிக்குள் புகை வாடை வந்தால் தள்ளிப்போடவே கூடாது. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. படுதா போட்ட ஜீப்பிலும் அது தேங்கும்.

சூடு ஏன் கூடுகிறது

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் ஏறக்குறைய மாறாத விகிதத்தில் கலந்து போகும். டீசலில் அப்படியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் காற்றை முழுவதுமாக இழுத்துக்கொள்ளும், டீசல் மட்டும் ஆக்சிலரேட்டருக்கு ஏற்பக் கூடும், குறையும். காற்று தாராளமாக இருந்தால் சூடு அதில் பரவிக் குறைகிறது. காற்று குறைந்து டீசல் கூடினால் புகை கறுக்கிறது, சூடு ஏறுகிறது. கறுப்புப் புகையும் சிவந்த மேனிபோல்டும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

மலைக்கு வண்டி ஓட்டுபவர்கள் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். கொழுக்குமலை சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சூரியநெல்லியிலிருந்து மேலே ஏறும் டர்போ இல்லாத பழைய ஜீப்பின் டீசல் பம்ப்புக்கு இது தெரியாது. கீழே ஊற்றிய அளவு டீசலையே மேலேயும் ஊற்றும். சமவெளியில் புகையே விடாத வண்டி அங்கே கறுப்பாகத் தள்ளுவதற்குக் காரணம் இதுதான். டர்போ வண்டி இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டும், ஆனால் டர்போ அதற்காகக் கூடுதல் வேகத்தில் சுற்ற வேண்டும். அதுவும் ஹோஸ் எங்கும் கசியாமல் இருந்தால்தான்.

இரண்டாவது காரணம் வண்டியின் வேகம். நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று மேனிபோல்டைத் தடவிக்கொண்டு போகும். பாறைப் பாதையில் நடக்கும் வேகத்தில் ஏறும்போது ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் சூடான காற்று மட்டும்தான் கிடைக்கும். எஞ்சின் சுமையோ நெடுஞ்சாலையைவிட அதிகம்.

முதலில் அளந்து பாருங்கள்

கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று போதும் என்று தொடங்கலாம். வாங்கும்போது மேல் அளவைப் பாருங்கள்: மலிவானவை 380 அல்லது 400 டிகிரியோடு நின்றுவிடும். 550 வரை காட்டுவது வேண்டும். 12-க்கு 1 என்று போட்டிருந்தால், 30 சென்டிமீட்டர் தூரத்தில் அது 2.5 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைக் காட்டுகிறது என்று அர்த்தம். லேசர் புள்ளி பைப்பின் மேல் இருந்தாலும் பக்கத்து ஹெட்டையும் சேர்த்து அளந்துவிடும், அதனால் நெருங்கிப் பிடியுங்கள். துருப்பிடித்த வார்ப்பிரும்பில் அளவு நம்பகமாக வரும். பளபளக்கும் ஹீட் ஷீல்டில் (மேனிபோல்டின் சூட்டை மறைக்கும் தகடு) அடித்தால் உண்மையைவிட வெகு குறைவாகக் காட்டும்.

செய்முறை எளிது. எஞ்சினை ஓட்டி நன்கு சூடான பிறகு ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் கிளையில், ஹெட்டிலிருந்து ஒரே தூரத்தில், நான்கு இடங்களிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கும் 20, 25 டிகிரிக்குள் இருந்தால் சரி. ஒன்று மட்டும் 50 டிகிரி குறைந்தால் அந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஒன்று மட்டும் அதே அளவு கூடினால் அங்கே டீசலைத் தெளிக்கும் நாசில் ஒழுகுகிறது, அல்லது அந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை. எல்லாக் கிளைகளும் சேர்ந்து கூடுதல் சூடு என்றால் கோளாறு பொதுவானது: ஃபில்டர், பம்ப், டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), சைலன்சர்.

அடிக்கடி மலையேறுபவர் கே டைப் தெர்மோகப்பிள் (அதிகச் சூட்டை அளக்கும் உலோக முனை) வைத்த எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டரைப் பொருத்திக்கொள்வது நல்லது. டர்போவுக்கு முன்னால், கிளைகள் சேரும் இடத்தில் துளையிட்டுப் பொருத்த வேண்டும். மேனிபோல்டைக் கழற்றித் துளையிடுங்கள். வண்டியிலேயே வைத்துத் துளையிட்டால் இரும்புத்தூள் டர்போவின் இறக்கையை அரித்துவிடும். ஆய்வு முனை புகை ஓட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். சுவரோடு ஒட்டினால் குறைத்துக் காட்டும். டர்போவுக்குப் பின்னால் பொருத்துபவர்கள், முழுச் சுமையில் அங்கே 100 முதல் 200 டிகிரி குறைவாக இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று வழி

பாதிப் பிரச்சினைகள் இங்கேயே முடிந்துவிடும், செலவும் மிகக் குறைவு. ஆகவே நிதானமாகச் செய்யுங்கள்.

1. ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து உள்ளே டார்ச் அடியுங்கள். வெளிச்சம் தாளின் வழியே சீராகத் தெரிய வேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளியே, 30 பி.எஸ்.ஐ.-க்குக் குறைவாக அடியுங்கள். டயர் கடையில் அப்படியே முழு அழுத்தத்தில் அடித்தால் தாள் கிழிந்து தூசி சிலிண்டருக்குள் போகும். ஆற்றைக் கடந்தபோது தாள் நனைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஈரத்தாள் காற்றை விடாது.

2. பழைய ஜீப்பில் ஆயில் பாத் வகை ஏர் கிளீனர் இருந்தால் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சேறு தேங்கியிருந்தால் ஆயிலைக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, குறியிட்ட கோடு வரை மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டி ஊற்றினால் சரிவில் சாயும்போது அந்த ஆயிலை எஞ்சின் உறிஞ்சும். டீசல் எஞ்சினில் அது எரிபொருளாகவே எரியும். அது வெறும் சூட்டோடு நிற்காமல் எஞ்சின் கட்டுப்பாடின்றி ஓடும் அளவுக்கும் போகலாம்.

3. ஸ்நார்கல் (காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) இருந்தால் அதன் வாய், உள் வளைவு, ஹோஸ் இணைப்பு ஆகியவற்றில் இலை, பூச்சிக்கூடு இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். வெளியே உறுதியாகத் தெரியும் ரப்பர் ஹோஸின் உள் படலம் பிரிந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் உள்ளே மடங்கி அடைப்பதும் உண்டு. ஒருவரை ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொல்லி ஹோஸைப் பார்த்துக்கொண்டே இருங்கள், சப்பினால் மாற்றுங்கள்.

4. டர்போ வண்டியில் டர்போவிலிருந்து இன்டர்கூலர் (டர்போ அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் பாகம்), அங்கிருந்து எஞ்சின் வரை உள்ள ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஈரமாக இருக்கும் இடம் கசிவின் இடம். உறுதிசெய்ய, டர்போவின் வாய் அளவுக்கு ஒரு பி.வி.சி. மூடி வாங்கி, அதில் ட்யூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, ஹோஸில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிரீதர் ஹோஸை (எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் ஹோஸ்) கழற்றி அதன் துளையையும் அடைத்துவிட்டு 10 பி.எஸ்.ஐ. வரை காற்று ஏற்றிச் சோப்பு நீர் தெளியுங்கள். 15-ஐத் தாண்டாதீர்கள். அழுத்தம் மெதுவாக இறங்குவது இயல்பு, திறந்திருக்கும் வால்வு வழியாகக் கொஞ்சம் போகும். வெளியே எங்கும் குமிழி வரக் கூடாது, அதுதான் முக்கியம்.

5. இன்டர்கூலரின் முகத்தில் ஒட்டிய சேற்றை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எஞ்சினுக்குள் போகும் காற்று எத்தனை டிகிரி கூடுகிறதோ குறைந்தது அத்தனை டிகிரி புகையிலும் கூடும். பிரஷர் வாஷரை அருகில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

6. இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது) திறந்தபடியே சிக்கிக்கொண்டால் நல்ல காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். கழற்றிக் கரியைச் சுரண்டிப் பாருங்கள், முழுதாக மூடுகிறதா என்று சோதியுங்கள்.

டீசல் அளவும் டைமிங்கும்

ஃபில்டர் சுத்தம், கசிவு இல்லை, ஆனாலும் ஏற்றத்தில் கறுப்புப் புகை நிற்கவில்லை என்றால் அடுத்து பம்ப். பழைய பம்ப்புகளில் அதிகபட்ச டீசல் அளவை நிர்ணயிக்கும் ஸ்க்ரூ சீல் வைக்கப்பட்டிருக்கும். இழுவை கூட வேண்டுமென்று அந்தச் சீலை உடைத்துத் திருகிய வண்டிகள் பழைய வண்டிச் சந்தையில் ஏராளம். சீல் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். இதை வீட்டில் கண்ணளவில் திருப்பிச் சரிசெய்ய முயலாமல், டெஸ்ட் பெஞ்ச் உள்ள டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுங்கள். நாசில்களையும் கூடவே கொடுத்து, தெளிப்பு சீராக இருக்கிறதா, முனை சொட்டுகிறதா என்று உங்கள் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

சி.ஆர்.டி.இ. (கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் டீசல் எஞ்சின்) வண்டியில் இதே தவறைச் செய்வது ட்யூனிங் பாக்ஸ். கூடுதல் டீசல் ஊற்றுவதால்தான் அதில் இழுவை வருகிறது. அந்த டீசலுக்கு வேண்டிய காற்றை டர்போவால் எல்லா வேகத்திலும் தர முடியாது, குறிப்பாக நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே. அதாவது நீங்கள் பாறைமேல் ஊர்ந்து ஏறும் அதே இடத்தில். மேனிபோல்ட் சிவக்கும் வண்டியில் பாக்ஸ் இருந்தால் முதல் வேலையாகக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

டைமிங் தாமதமானாலும் இதே விளைவுதான். டீசல் தாமதமாகப் பீய்ச்சப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் அது எரிந்துகொண்டே இருக்கும், மீதி எரிவது மேனிபோல்டுக்குள் நடக்கும். டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு, அல்லது பம்ப்பைக் கழற்றி மாட்டிய பிறகு சூடு தொடங்கியிருந்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

புகை போகும் வழி

கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிக்கே உரிய கோளாறு இது. பாறையில் அமர்ந்து எழுந்த வண்டியின் சைலன்சர் பைப் நசுங்கியிருக்கும். இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியாது. கீழே படுத்து டர்போ வாயிலிருந்து வால் பைப் வரை கையால் தடவிக்கொண்டே வாருங்கள். விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமுங்கியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும். வால் பைப்பில் சேறு அடைந்து காய்ந்திருப்பதும் உண்டு. சைலன்சரை ரப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் உள் தகடு பிய்ந்து வழியை மறிக்கிறது.

பிஎஸ்6 டீசலில் டி.பி.எஃப். உண்டு. பிடித்த கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்போது அதற்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு இருக்கும். இது கோளாறு அல்ல. ஆனால் நாள் முழுவதும் மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தால் இந்தச் சுத்திகரிப்பு முடியாமல் அடைப்பு கூடிக்கொண்டே போகும். மீட்டரில் டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்ன வேகத்தில் தார்ச்சாலையில் தொடர்ந்து ஓட்டி முடிக்க வேண்டும், பாதியில் அணைக்கக் கூடாது. எந்த வண்டியானாலும் ஏற்றம் முடிந்த கையோடு காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள். வனப்பகுதியில் இது வண்டியோடு முடிகிற விஷயமல்ல.

மேனிபோல்டைக் கழற்றிச் சரிசெய்வது

மேலே சொன்னவற்றைச் சரிசெய்தும் கசிவுச் சத்தம் இருந்தால் இப்போது கழற்றலாம். டர்போவுக்கு முன்னால் கசிந்தால் டர்போவைச் சுற்ற வேண்டிய அழுத்தம் வெளியே போகிறது. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) குறைகிறது, ஓட்டுநர் இன்னும் மிதிக்கிறார், டீசல் கூடுகிறது, சூடு மேலும் ஏறுகிறது. ஆகவே சிறு கசிவென்று விட்டுவைக்காதீர்கள்.

கசிவின் இடத்தைக் குளிர்ந்த எஞ்சினிலேயே கண்டுபிடிக்கலாம். வாக்குவம் கிளீனரின் காற்றை வெளியேற்றும் முனையை வால் பைப்பில் துணி சுற்றிச் செருகி, மேனிபோல்ட் முழுக்கச் சோப்பு நீர் தெளியுங்கள். குமிழி வரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த இடம் பெரும்பாலும் முதல் அல்லது கடைசி ஸ்டட்டின் (மேனிபோல்டை ஹெட்டோடு பிடிக்கும் மரை போட்ட கம்பி) அருகில்தான் இருக்கும். காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிபோல்ட் 600 டிகிரி கூடும்போது சுமார் 2.7 மி.மீ. நீள்கிறது. அதைப் பிடித்திருக்கும் அலுமினிய ஹெட் 80 டிகிரிதான் கூடுகிறது, நீள்வது 0.7 மி.மீ. மீதி 2 மி.மீ. இரண்டு முனைகளுக்கும் பங்காகப் போகிறது. ஓரத்துத் துளைகளைக் கம்பெனியே சற்றுப் பெரிதாகவோ நீள்வட்டமாகவோ விடுவது இதற்காகத்தான். துளையில் துரு அடைந்தாலோ, நட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலோ மேனிபோல்ட் நகர முடியாது. ஓரத்து ஸ்டட் முறியும், இல்லையென்றால் மேனிபோல்ட் வளையும். கசிவை நிறுத்த மேலும் மேலும் இறுக்குவது எதிர்மாறான விளைவைத் தருவது இப்படித்தான்.

கழற்றும் முன்: முந்தைய நாள் மாலையும் மறுநாள் காலையும் ஒவ்வொரு நட்டுக்கும் துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். பேட்டரி ஒயரை எடுத்துவிடுங்கள். டர்போவின் ஆயில் பைப்பைக் கழற்றியதும் துளைகளைச் சுத்தமான துணியால் அடையுங்கள், ஒரு மணல் துகள் போதும் டர்போ பேரிங்கைக் கெடுக்க. ஆறு பக்க ரிங் ஸ்பானரோ சாக்கெட்டோ மட்டும் பயன்படுத்துங்கள். பன்னிரண்டு பக்க சாக்கெட் துருவேறிய நட்டின் மூலையை வழித்துவிடும். நட்டு அசையவில்லையென்றால் சிறிது இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு தளர்த்தும் பக்கம், மீண்டும் எண்ணெய் என்று முன்னும் பின்னும் கொண்டுவாருங்கள். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவில் முடியுங்கள்.

ஸ்டட் முறிந்து சில மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் சற்றுப் பெரிய நட்டை வைத்து உள்பக்கம் நிரம்பும்படி மிக் வெல்டிங் வையுங்கள். சிவப்பு மறையும் வரை பொறுத்து, ஸ்பானரால் மெதுவாகத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். வெல்டிங்கின் சூடே துருவின் பிடியைத் தளர்த்திவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியோடு இ.சி.யூ. (எஞ்சின் கணினி) கனெக்டரையும் எடுத்துவிடுங்கள். ஹெட்டோடு மட்டமாக முறிந்திருந்தால் சரியான நடுவில் புள்ளி குத்தி, 3 மி.மீ. துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். மரை கெட்டால் ஹெலிகாயில் (புது மரையாக அமையும் கம்பிச் சுருள்) போடலாம். இந்த ஒரு வேலையில் அனுபவம் இல்லாதவர்கள் லேத் பட்டறைக்காரரை வண்டிக்கே அழைத்துவருவது நல்லது. அலுமினியத்தில் துளை சரிந்துவிட்டால் ஹெட்டையே இறக்க வேண்டிவரும்.

கழற்றிய மேனிபோல்டின் முகத்தைச் சுத்தம் செய்து, நேரான இரும்பு ஸ்கேலை நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து இடையில் ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு நுழையாவிட்டால் பிரச்சினை இல்லை. 0.2 நுழைந்தால் சர்ஃபேஸ் கிரைண்டிங் கொடுங்கள். சரியான வரம்பு வண்டியின் ஒர்க்ஷாப் கையேட்டில் இருக்கும். ஹெட்டின் முகத்தையும் இதே போல் பாருங்கள். விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி பூசிச் சற்று நேரம் விடுங்கள். விரிசல் இருந்தால் ஈரக் கோடாகத் தெரியும்.

விரிசல் விட்ட வார்ப்பிரும்பைச் சாதாரண ராடால் பற்றவைத்தால் பக்கத்திலேயே மறுபடி பிளக்கும். விரிசலின் இரு நுனியிலும் 3 மி.மீ. துளையிட்டு, மேனிபோல்டை முன்கூட்டியே 250, 300 டிகிரிக்குச் சூடாக்கி, நிக்கல் ராடால் ஓர் அங்குலத்துக்கு மேற்படாத துண்டுகளாக வைத்து, முடிந்ததும் சாம்பலிலோ காய்ந்த மணலிலோ புதைத்து ஆறவிட வேண்டும். கேஸ்கட் முகத்தைக் குறுக்காக வெட்டும் விரிசலென்றால் இந்த மெனக்கெடலும் நிலைக்காது, புதியது வாங்கிவிடுங்கள்.

மாட்டும்போது பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடக் கூடாது. தகடு கேஸ்கட்டென்றால் எந்தப் பசையும் வேண்டாம், உலர்வாகப் போடுங்கள். சிவப்பு சிலிகான் பசை இந்தச் சூட்டில் கருகி உதிரும். ஸ்டட்களையும் நட்டுகளையும் மொத்தமாகப் புதிதாகவே போடுங்கள். பலமுறை சூடேறிய ஸ்டட் நீண்டிருக்கும், அடுத்த முறிவு அதில்தான். மரையில் மரை இறுகிப்போகாமல் தடுக்கும் நிக்கல் கலந்த ஆன்டி சீஸ் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். நடுவிலிருந்து தொடங்கி மாறி மாறி ஓரத்துக்கு, முதல் சுற்றில் பாதி அளவும் இரண்டாம் சுற்றில் முழு அளவும் டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) இறுக்குங்கள். 8 மி.மீ. ஸ்டட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர்தான். கையால் இறுக்குபவர்கள் ஏறக்குறைய எல்லோருமே இதைத் தாண்டிவிடுவார்கள். கையேட்டின் அளவு வேறானால் அதையே பின்பற்றுங்கள். சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களையும் எஞ்சின் மவுன்டிங்குகளையும் பார்க்காமல் வேலையை முடிக்காதீர்கள். அவை அறுந்திருந்தால் பைப்பின் முழு எடையும் ஆட்டமும் மேனிபோல்டின் கழுத்தில் விழும்.

சூட்டைத் தடுத்து வைப்பது

கம்பெனி கொடுத்த ஹீட் ஷீல்ட் தடதடக்கிறது என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதைத் தேடி மாட்டுங்கள். ஷீல்டுக்கும் மேனிபோல்டுக்கும் இடையிலுள்ள காற்று இடைவெளிதான் வேலை செய்கிறது, அங்கே சேறு அடைந்தால் பயனில்லை. மேனிபோல்டின் மேலேயே காய்ந்த சேறும் அப்படித்தான், ஒரு பக்கம் சூட்டை அடைத்துவைத்து இரும்பைச் சீரற்று விரியச் செய்யும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பின், கழுவிவிடுங்கள்.

ஹீட் ராப் பானெட்டுக்குள் சூட்டைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் இரும்பு மேலும் சூடாகும், ஆற்று நீரும் சேறும் ஊறித் துணிக்கடியில் துருப்பிடிக்கும், விரிசலும் கண்ணுக்குத் தெரியாது. ஆற்றில் இறங்கும் வண்டியின் வார்ப்பிரும்பு மேனிபோல்டுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். சுற்றத்தான் வேண்டுமென்றால் டர்போவுக்குப் பிந்தைய பைப்பில் சுற்றுங்கள். அருகில் போகும் ஒயர், டீசல் பைப், பிரேக் பைப் ஆகியவற்றுக்குக் கண்ணாடி இழை உறை போட்டு, முடிந்தவரை தள்ளிக் கட்டுவது எப்போதும் நல்லது.

பெட்ரோல் வண்டிக்கு

முழுச் சுமையில் 800 டிகிரிக்கு மேல் போவது பெட்ரோலில் சாதாரணம், ஆகவே டீசலின் அளவுகளை இங்கே பொருத்தாதீர்கள். சமதளத்தில் சிவந்தால் தாமதமான இக்னிஷன், காற்று கூடி பெட்ரோல் குறைந்த கலவை, அடைத்த கேட்டலிடிக் கன்வர்ட்டர் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரில் போய் எரியும். சிவப்பது மேனிபோல்டா கன்வர்ட்டரா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

ஓட்டும்போது

ஏற்றத்தில் உயர்ந்த கியரில் எஞ்சினை முக்கவிட்டு மிதிப்பதுதான் சூட்டுக்கு நேர்வழி. சுற்று குறைவாக இருப்பதால் காற்றும் குறைவு, டர்போவும் விழித்திருக்காது. ஏற்றம் தொடங்கும் முன்பே நின்று 4 லோவுக்கு (நான்கு சக்கர இழுவையின் தாழ்ந்த கியர்) மாற்றி, 1,800 முதல் 2,200 சுற்றுக்குள் வைத்து ஏறுங்கள். புகை கறுத்தால் காலைச் சற்றுத் தளர்த்துங்கள், வண்டி அதே வேகத்தில் ஏறுவதைப் பார்ப்பீர்கள். மீட்டர் பொருத்தியிருந்தால் 650-ஐ உங்கள் எச்சரிக்கைக் கோடாக வையுங்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் சாவியைத் திருகாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் ஐடிலிங்கில் விட்டால் டர்போவின் சூட்டை ஆயில் கொண்டுபோய்விடும். உடனே அணைத்தால் பேரிங்கில் நிற்கும் ஆயில் கரியாகும். ஏற்றம் இறங்கிய கையோடு ஆறு வந்தால் கரையிலேயே காத்திருந்து, தெர்மாமீட்டரில் மேனிபோல்ட் 200 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு இறங்குங்கள். சிவந்த வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் அந்த நொடியிலேயே விழலாம்.

மேனிபோல்ட் வேலை முடிந்த வண்டியில் முதல் 500 கிலோமீட்டருக்குப் பின், குளிர்ந்த எஞ்சினில், நட்டுகளின் இறுக்கத்தை அதே டார்க் ரென்ச் அளவில் ஒருமுறை சரிபாருங்கள். பயணப் பெட்டியில் இரண்டு ஸ்டட், நான்கு நட்டு, ஒரு கேஸ்கட், ஒரு ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸுக்கு இரண்டு கிளாம்ப், துரு நீக்கும் எண்ணெய் ஒரு டப்பா இருக்கட்டும். நான்கு கிளைகளின் ஐடிலிங் வெப்ப அளவை, தேதியும் அன்றைய வெயிலும் சேர்த்து, சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட அதுதான் வேண்டும்.